மூடச் சொன்னவர்கள்: கெடா தோட்டங்களும் கள்ளுக்கடையும்

நம் இலக்கிய வட்டங்களில் 'பழமைவாதி' என்பது ஏறக்குறைய ஒரு வசைச்சொல். ஒருவரை அப்படிச் சொல்லிவிட்டால், அவர் என்ன சொன்னார் என்பதைக் கேட்க வேண்டிய அவசியம் போய்விடுகிறது. எனக்கு இந்தச் சொல்லின் மீது ஆர்வம் வந்ததற்குக் காரணம் அரசியல் தத்துவம் இல்லை. கெடாவில் பிறந்து, உள்ளூர் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, இங்கேயே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இந்த மாநிலத்தில் கடைகளை மூடுவது பற்றிய பேச்சு சின்ன வயதிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. கள்ளுக்கடை, சம்சு கடை, இப்போது நாலு நம்பர் கடை.

2021 நவம்பரில் கெடா மந்திரி பெசார் முகமட் சனுசி, மாநிலத்தில் சூதாட்டக் கடைகளின் வணிக உரிமம் இனி புதுப்பிக்கப்படாது என்று அறிவித்தார். மது விற்பனைக்கும் கட்டுப்பாடு வரும் என்றார். என் வயதுத் தமிழர்களிடம் உடனே எரிச்சல் கிளம்பியது. அதற்குக் காரணம் இருந்தது. 2020 ஜூலையில் அலோர் ஸ்டாரில் ஒரு மதுரைவீரன் கோயில் உடைக்கப்பட்டிருந்தது. 2021 ஜனவரியில் தைப்பூசத்துக்கான சிறப்பு விடுமுறை ரத்து செய்யப்பட்டது. அந்த வரிசையில் வைத்துத்தான் நம்பர் கடைத் தடையையும் பார்த்தோம். 'பழமைவாத அரசு, வேறென்ன செய்யும்' என்பதோடு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் விவாதம் முடிந்துவிட்டது.

ஆனால் சுங்கை பட்டாணி தாமான்களில், தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால் வேறு குரல் கேட்கும். 'மூடட்டும்யா. வாங்குற காச அங்கதான் கொண்டு போய்க் கொட்டுறாங்க' என்பார்கள். இவர்கள் யாரும் அந்த அரசுக்கு ஓட்டுப் போட்டவர்கள் இல்லை. கோயில் உடைத்ததற்கு மனம் நொந்தவர்கள்தான். இருந்தும் கடையை மூடுவது சரி என்று நினைக்கிறார்கள். இந்தப் பெண்களின் கருத்துக்கு என்ன பெயர் வைப்பது? எங்கிருந்து வந்தது அது? அதைத் தேடிப் போனால் 1947-இல் பீடோங்கில் போய் நிற்கிறோம்.

கள் என்ற கொள்கை

முதலில் கள்ளுக்கடையை ஒரு கொள்கையாகப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். 'தமிழன் குடிகாரன்' என்ற மலிவான பேச்சில் மறைந்துபோவது அதுதான். தோட்டத்தில் கள்ளுக்கடை தானாக முளைக்கவில்லை. தென்னம்பாளையைச் சீவிக் கலயம் கட்டி இறக்கும் பதநீர் சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கி, நாலைந்து சதவீத ஆல்கஹாலை எட்டி, ஓரிரு நாளில் காடியாகிவிடும். சேர்த்து வைக்க முடியாது. தொலைவுக்கு அனுப்பவும் முடியாது. இறக்கிய அன்றே விற்க வேண்டும். ஆகவே கடை குடிப்பவனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தென்னை வேண்டும், மரம் ஏறத் தெரிந்த ஆள் வேண்டும், உரிமம் வேண்டும், விற்க நேரமும் இடமும் வேண்டும். இவை அத்தனையையும் தோட்ட நிர்வாகமும் காலனி அரசும் சேர்ந்து ஏற்பாடு செய்தன. லயத்திலிருந்து நடக்கும் தூரத்தில் பள்ளிக்கூடம் இல்லாத தோட்டங்கள் இருந்தன. கள்ளுக்கடை மட்டும் நடக்கும் தூரத்தில் இருந்தது.

இதற்குப் பின்னால் ஒரு வாதமும் இருந்தது. தொழிலாளி எப்படியும் குடிப்பான். கள் கிடைக்காவிட்டால் கள்ளச் சாராயமான சம்சுவுக்குப் போவான். சம்சுவைவிடக் கள் மேல், அதில் சத்து இருக்கிறது. கண்காணிப்பில் நல்ல கள்ளாகக் கொடுத்துவிட்டால் உடம்பும் கெடாது, ஒழுங்கும் கெடாது. தோட்டக் கள்ளுக்கடையின் லாபம் தொழிலாளர் நலனுக்கே செலவிடப்பட வேண்டும் என்பதும் ஏற்பாடு. அதாவது, தொழிலாளி குடித்த காசில் ஒரு பகுதி அவனுக்கே நலநிதியாகத் திரும்பி வரும். தோட்டத்துத் திருவிழாவுக்கும் விளையாட்டுக்கும் கள்ளுக்கடைப் பணம் உதவிய கதை இப்படி வந்ததுதான்.

மலாயாவில் இது புதிய முறையும் இல்லை. சீனத் தொழிலாளிக்கு அபின் விற்றுத்தான் நீரிணைக் குடியேற்ற அரசு வளர்ந்தது. சில ஆண்டுகளில் அதன் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்து வந்தது. 1909-இல் பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்கு வருவதற்கு முன்னால், சயாமின் மேலாண்மையில் இருந்த கெடா சுல்தானியத்துக்கும் அபின் குத்தகை முக்கியமான வருமானமாக இருந்தது. சீனனுக்கு அபின், தமிழனுக்குக் கள். உழைப்பவனின் கூலியில் ஒரு பங்கை அவன் பழக்கத்தின் வழியாகவே திருப்பி எடுத்துக்கொள்ளும் பொறி இது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துரையின் வாதமும் ஒரு பழமைவாதம்தான். மனிதனை மாற்ற முடியாது, இருப்பதைக் குலைக்காதே, சீர்திருத்தம் என்று கிளம்பினால் இதைவிட மோசமானது வரும் என்கிற வாதம். உலகமெங்கும் இருப்பதைக் காப்பவர்கள் சொல்வது இதைத்தான். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்து தோற்றபோது இதே வாதம் வெற்றி பெற்றது. அதை முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது. ஆனால் மலாயாவில் அதைச் சொன்னவர் அந்தக் கள்ளை வாங்குகிற வீட்டில் வாழவில்லை. துரை பங்களாவுக்கும் லயத்துக்கும் நடுவில் இருந்த தூரம் அந்த வாதத்துக்குள்ளும் இருந்தது.

ராஜாஜியும் பெரியாரும்

எதிர்வாதம் கடல் கடந்து வந்தது. 1921-இல் காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தில் கள்ளுக்கடை மறியல் முக்கியமான போராட்டம். ஈ.வெ.ரா. தன் தோப்பிலிருந்த தென்னைகளை வெட்டினார். அவர் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் மறியலில் இறங்கினார்கள். 1929-இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை நடத்தினார். அதில் துணையாக வேலை செய்தவர் கல்கி. நம்மில் பலர் பொன்னியின் செல்வன் வழியாக அறிந்த அந்த எழுத்தாளரின் பத்திரிகைப் பயிற்சியில் ஒரு பகுதி கள்ளுக்கு எதிராக எழுதியதில் நடந்தது.

ராஜாஜியை எல்லோரும் பழமைவாதி என்று ஒத்துக்கொள்வார்கள். பின்னாளில், 1959-இல், சுதந்திரா கட்சியைத் தொடங்கி அரசு எல்லாவற்றிலும் தலையிடக்கூடாது என்று வாதாடியவர். ஆனால் 1937-இல் சென்னை மாகாண முதல்வரானவுடன் அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும் அவர்தான். கள் வருமானம் போனால் கஜானாவில் ஓட்டை விழும். அதை அடைக்க 1939-இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்தியாவில் அப்படியொரு வரியை முதலில் போட்டது சென்னை மாகாணம். எனக்கு ராஜாஜியிடம் பிடித்த இடம் இதுதான். மூட வேண்டும் என்று சொல்வது எளிது. மூடினால் எங்கே குறையும், அதை எதால் நிரப்புவது என்று கணக்குப் போட்டுக் காட்டுவது கொள்கை. குடும்பம் அரசைவிடப் பழைய அமைப்பு, அதைக் கெடுத்துச் சம்பாதிக்கும் பணம் அரசுக்கு வேண்டாம் என்பது அவர் நிலை. அந்த நிலைக்கான விலையையும் வரி என்ற பெயரில் வெளிப்படையாகச் சொன்னார்.

கள்ளுக்காகத் தென்னையை வெட்டிய ஈ.வெ.ரா. பின்னாளில் ராஜாஜியின் மதுவிலக்கைக் கடுமையாக விமர்சித்தார். 1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது, அதைச் செய்யாதீர்கள் என்று கொட்டும் மழையில் முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்குப் போய்க் கேட்டவர் முதிய ராஜாஜி. ஆக, கள்ளுக்கடையை மூடுவது முற்போக்கா பழமைவாதமா என்ற கேள்விக்கு ஆளைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. ஆண்டையும் பார்க்க வேண்டும், யாருடைய வீடு என்பதையும் பார்க்க வேண்டும்.

மலாயாத் தோட்டங்களுக்கு இந்தப் பேச்செல்லாம் பல வழிகளில் வந்து சேர்ந்தது. 1929 இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1935-இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். கிராணிமார்களும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் படித்துச் சொன்னார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர வேண்டும். துரை எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்க வேண்டியதில்லை. பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும். அந்த வரிசையிலேயே, கள்ளுக்கடையை மூட வேண்டும். இன்றைய அளவுகோலில் இவற்றில் பாதி இடதுசாரிக் கோரிக்கை, பாதி ஒழுக்கக் கோரிக்கை. அவர்களுக்கு அது ஒரே கோரிக்கை. மானத்தோடு வாழ வேண்டும், அவ்வளவுதான். நாதன் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

தொண்டர் படை

அடுத்து ஜப்பானியர் காலம். கெடாத் தோட்டங்களுக்கு அது இரட்டை அடி. பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் மலாயாவிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1943 அக்டோபரில் கெடாவே சயாமிடம் ஒப்படைக்கப்பட்டது. அரிசி இல்லை, துணி இல்லை, ரப்பருக்கு விலை இல்லை. அதே ஆண்டில்தான் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தார். தோட்டத்து இளைஞர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். துரைக்குத் தலை குனிந்து நின்ற பிள்ளைகள் முதன்முறையாகக் காக்கிச் சட்டை போட்டு நிமிர்ந்து நடக்கப் பழகினார்கள். பெண்களும் ஜான்சி ராணிப் படையில் பயிற்சி எடுத்தார்கள். 1945-இல் எல்லாம் கலைந்தது. பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள். துரை பங்களாவில் மீண்டும் விளக்கு எரிந்தது. லயமும் அதேதான், கூலியும் அதே அளவுதான், கள்ளுக்கடையும் திறந்தது.

ஆனால் திரும்பி வந்த பிள்ளைகள் பழைய பிள்ளைகள் இல்லை. பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் முன்னின்று தொண்டர் படை என்ற அமைப்பைக் கட்டினார். அது வேகமாக மத்திய, தென் கெடாத் தோட்டங்களுக்குப் பரவியது. ராணுவத்தில் கற்ற அணிவகுப்பு, ஒழுங்கு, கட்டளை எல்லாவற்றையும் அந்த இளைஞர்கள் தோட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். முதல் எதிரியாக அவர்கள் அடையாளம் கண்டது துரையை அல்ல, கள்ளை. குடிக்காதே, சேமி, பிள்ளையைப் படிக்க வை, சுத்தமாக இரு. கள்ளுக்கடை முன்னால் மறியல். தொண்டர் படை வளர்ந்ததோடு சேர்ந்தே தோட்டத் தொழிற்சங்கமும் கெடாவில் வளர்ந்தது. சாமி இரண்டிலும் இருந்தார்.

தொண்டர் படை குடித்தவர்களைப் பல இடங்களில் மிரட்டியது, தண்டித்தது என்ற குற்றச்சாட்டு அப்போதே இருந்தது. இதைப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. காக்கி போட்ட இளைஞர்கள் கும்பலாக வந்து ஒரு கிழவனின் கலயத்தைப் பிடுங்கினால், அது அந்தக் கிழவனுக்கு இன்னொரு கங்காணித்தனம். ஒழுக்கத்தைக் கையில் எடுக்கும் எல்லா இயக்கத்திலும் இந்த ஆபத்து உண்டு. அதில் தமிழன், மலாய்க்காரன் என்ற பேதமில்லை.

1947 தொடக்கத்தில் மோதல் வந்தது. பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் கள்ளுக்கடைக்கு எதிராகத் திரண்டவர்களுக்கும் போலீசுக்கும் கைகலப்பு ஏற்பட்டு ஒரு தொழிலாளி இறந்தார். மார்ச் தொடக்கத்தில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டது, அங்கும் உயிர் போனது. ஏப்ரலில் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் கூட்டமாகக் கைது செய்து சிறைக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தீவிரத் தொழிற்சங்கங்கள் நொறுக்கப்பட்டன. 1949 மே மாதம் எஸ்.ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். அந்தப் பெரிய கதைக்குள் பீடோங் கள்ளுக்கடை சின்னக் குறிப்பாகக் கரைந்துபோனது.

யாருடைய பழமை?

இந்த நிகழ்ச்சியை இரண்டு விதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிரிட்டிஷ் பார்வையில் இது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. கள் வெறும் சாக்கு, பின்னால் கம்யூனிஸ்டுகள். இடதுசாரிப் பார்வையிலும் கள் வெறும் சாக்குதான். உண்மையில் நடந்தது வர்க்கப் போராட்டம், ஒழுக்கப் பேச்சு அதன் பக்குவப்படாத ஆரம்பக் கட்டம். எதிரெதிர் பக்கத்தில் நின்று இரண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள். அந்தத் தொழிலாளர்கள் கேட்டது அவர்கள் உண்மையில் கேட்டது இல்லை என்று.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கள்ளுக்கடை முன்னால் போலீஸ் தடிக்கு எதிரே நிற்பவன் கள்ளுக்கடையைப் பற்றித்தான் பேசுகிறான் என்று முதலில் நம்பிப் பார்க்கலாம். 1920-களின் இறுதியில் மலாயாவின் வசதியான வட்டாரங்களில் நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மந்தநிலை வந்ததும் அதுவும் சரிந்தது. அதில் கள்ளுக்கு எவ்வளவு போகும், அரிசிக்கு எவ்வளவு மிஞ்சும் என்பது கோட்பாடு தேவைப்படாத கணக்கு. சம்பள நாள் மாலையில் லயத்தில் எந்த வீட்டில் சத்தம் வரும், எந்தப் பிள்ளை அடுத்த வீட்டுத் திண்ணையில் தூங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். குடும்பம், கோயில், சேமிப்பு, அடக்கம், பெற்றோர் மரியாதை என்று அவர்கள் காக்க நினைத்தவை பழமைவாத மதிப்பீடுகள். அதைச் சொல்வதில் தயங்க வேண்டியதில்லை. பிடுங்கப்பட்டவன் தன்னிடம் மிச்சமிருக்கும் பழையதை இறுக்கிப் பிடிக்கிறான். துரை காத்தது ஒரு ஒழுங்கை. தொண்டர் படை காக்க நினைத்தது ஒரு வீட்டை. ரெண்டுக்கும் ஒரே பெயர் போட்டால் நமக்கு எதுவும் புரியாது.

என் தாத்தா கள்ளிலிருந்து சம்சுவுக்குப் போன தலைமுறை. ஈரல் கெட்டு ஐம்பது தாண்டியவுடன் போய்விட்டார். நான் அவரைப் பார்த்ததில்லை. பாட்டி அவரைத் திட்டியும் நான் கேட்டதில்லை. 'நல்ல மனுசன்தான், கட பக்கத்துல இருந்துச்சு' என்பார். கொள்கை விவாதத்தில் நான் கேட்ட மிகத் தெளிவான வாக்கியம் அதுதான். அதில் தனிமனிதப் பொறுப்பும் இருக்கிறது, அமைப்பின் பொறுப்பும் இருக்கிறது. நாம் வழக்கமாக ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறோம்.

துரை சொன்னது பலித்ததா?

சரி, மூடியதால் என்ன ஆனது? இங்கே மூடச் சொன்னவர்களின் வாதத்தையும் சோதிக்க வேண்டும். தோட்டக் கள்ளுக்கடைகள் 1947-இல் மூடப்பட்டுவிடவில்லை. பல பத்தாண்டுகள் நீடித்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் இடம்பெயர்ந்தபோது மெல்ல மெல்ல மறைந்தன. அந்த இடத்துக்கு வந்தது மலிவான சம்சு. சின்னப் புட்டியில், கையிருப்புக் காசுக்கு ஏற்ற அளவில், சீனன் மளிகைக்கடையிலேயே கிடைத்தது. கள்ளைவிடப் பல மடங்கு வீரியம்.

ஆக, கள் போனால் சம்சு வரும் என்று துரை சொன்னது பலித்ததுபோலத் தெரிகிறது. ஆனால் ஏன் பலித்தது? குழாயில் அழுத்தத்தைக் குறைக்காமல் ஒரு வால்வை மட்டும் மூடினால், பலவீனமான இணைப்பில் நீர் பீய்ச்சும். வால்வை மூடியது தவறு என்று அதற்கு அர்த்தம் இல்லை. அழுத்தத்தை அப்படியே விட்டது தவறு. தொண்டர் படை கள்ளை மட்டும் எதிர்க்கவில்லை என்பதை இங்கே மறக்கக் கூடாது. படிப்பு, சேமிப்பு, சங்கம் என்று அழுத்தத்தைக் குறைக்கும் வேலையையும் சேர்த்தே தொடங்கினார்கள். அதைத்தான் அரசு முதலில் உடைத்தது. சங்கம் போய்விட்டது, கடை மிச்சமிருந்தது.

சம்சுவுக்கு எதிராகப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் குரல் கொடுத்தது. 2017 டிசம்பரில் நடப்புக்கு வந்த விதிகள் மது வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தின. மலிவான வீரிய மதுவைச் சின்னப் புட்டியில் விற்கக் கூடாது, குறைந்தது 700 மில்லிலிட்டர் கண்ணாடிப் புட்டியில்தான் விற்க வேண்டும் என்றன. ஒரு வேளைக் காசுக்கு ஒரு வேளைச் சாராயம் கிடைக்கும் வசதியைக் குறிவைத்த விதி அது. கடையை மூடாமல் கடை எப்படி வேலை செய்கிறது என்று கவனித்து எழுதப்பட்டதால் எனக்கு அது பிடிக்கும். ஆனால் அதற்கு அடுத்த ஆண்டே, 2018 செப்டம்பரில், சிலாங்கூர் பகுதியில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். விதி மட்டும் போதாது என்பதற்கு அதுவே சாட்சி.

தமிழ்நாட்டைப் பார்த்தால் வேறொரு பாடம். 1983-இல் உருவான டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. அரசே விற்கும், அரசே அந்த வருமானத்தில் நலத்திட்டம் தரும். நம் தோட்டக் கள்ளுக்கடை நலநிதியை ஒரு மாநில அளவுக்குப் பெரிதாக்கினால் அதுதான். 2015-இல் மதுவிலக்கு கேட்டுப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் கைப்பேசிக் கோபுரத்தில் உயிர் விட்டார். கோட்டையில் யார் உட்கார்ந்தாலும், கள்ளுக் காசு கஜானாவுக்கு வரத் தொடங்கிவிட்டால் கடையை மூட மனம் வராது.

மறுபடியும் கெடா

இப்போது நம்பர் கடைக்குத் திரும்புவோம். நாலு நம்பர் குலுக்கலுக்கு உரிமம் தருவது மத்திய நிதியமைச்சு. கடை நடத்த வணிக உரிமம் தருவது ஊராட்சி மன்றம், அது மாநில அரசின் கையில் இருக்கிறது. கெடா அரசு பிடித்தது இந்த இரண்டாவது கயிற்றை. நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

மலாய் முஸ்லிம்களுக்கு இந்தச் சூதாட்டம் ஏற்கனவே தடை. ஆகவே இந்த முடிவு நேரடியாகத் தொடுவது சீனர்களையும் நம்மையும்தான். நம்மைத் தொடும் முடிவை நம்மிடம் பேசாமல் எடுத்தார்கள் என்ற கோபம் நியாயமானது. தைப்பூச விடுமுறையை ரத்து செய்த அதே கை 'உங்கள் நல்லதுக்குத்தான்' என்று சொல்லும்போது யாருக்கும் நம்பிக்கை வராது. ஒரு சமூகத்தின் ஒழுக்கத்தை இன்னொரு சமூகம் அதிகாரத்தின் வழியாக எழுதித் தந்தால், அது சரியான முடிவாக இருந்தாலும் அவமானமாகத்தான் இறங்கும்.

ஆனால் இந்தக் கோபத்தில் நாம் ஒன்றைத் தொலைத்துக்கொண்டிருக்கிறோம். நம்பர் கடையை மூடு என்று நம் பெண்கள் சொல்வது சனுசியிடமிருந்து கற்றது இல்லை. அது இங்கேயே, கெடா தோட்டத்து லயத்தில், நம் ஆட்கள் அடிவாங்கி உருவாக்கிய கருத்து. அந்த வாக்கியத்தை இன்று வேறு யாரோ, வேறு காரணத்துக்காகச் சொல்கிறார்கள் என்பதற்காக நாம் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டு, நம்பர் வாங்குவது எங்கள் உரிமை என்று வாதாடுவது வேடிக்கை. உரிமைதான், மறுக்கவில்லை. ஆனால் என் சமூகம் தன் வரலாற்றில் எதற்காகவோ உயிர் கொடுத்திருக்கிறது என்றால், அது கடை திறந்திருக்கும் உரிமைக்காக இல்லை.

இளைய வாசகர்களிடம் இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். பழமைவாதம் என்று ஒன்று மட்டும் இல்லை, குறைந்தது மூன்று இருக்கிறது. இருக்கும் அதிகாரத்தைக் குலைக்காதே என்பது ஒன்று, அது துரையுடையது. என் வாழ்க்கைமுறையே எல்லாருக்கும் சட்டம் என்பது இன்னொன்று, அது ஆட்சியில் இருப்பவர்களுக்கு எப்போதும் வரும் ஆசை. என் வீடு சிதறுகிறது, அதைச் சிதறடித்துச் சம்பாதிக்காதே என்பது மூன்றாவது. அது லயத்துப் பெண்ணுடையது, தொண்டர் படையுடையது, ஓரளவு ராஜாஜியுடையது. முதல் இரண்டை எதிர்க்கும் வேகத்தில் மூன்றாவதையும் சேர்த்துக் கிண்டல் செய்யும் பழக்கம் நம் முற்போக்குப் பேச்சில் இருக்கிறது. அது நம்மை நம் பாட்டிகளிடமிருந்து பிரித்துவிடும்.

மூன்றாவது வகைக்கும் நாம் சில நிபந்தனைகள் போடலாம். மூடச் சொல்பவர் அந்தக் கடையால் பாதிக்கப்படும் வீட்டிலிருந்து பேசட்டும். மூடினால் ஏற்படும் ஓட்டையை எதால் அடைப்பது என்று ராஜாஜி மாதிரி கணக்குக் காட்டட்டும். கடையோடு சேர்த்துக் கூலி, பள்ளி, வீடு பற்றியும் 1941-இல் கிள்ளான் தொழிலாளர்கள் கேட்டதுபோல ஒரே பட்டியலில் கேட்கட்டும். குடித்தவனையும் சூதாடியவனையும் அடிக்காமல் இருக்கட்டும். அங்கேதான் தொண்டர் படையும் சறுக்கியது. இந்த நாலு நிபந்தனைகளையும் கெடா அரசின் முடிவின் மீது வைத்துப் பார்த்தால் அது எங்கே தேறுகிறது, எங்கே தேறவில்லை என்பது தெளிவாகவே தெரியும். அதே நிபந்தனைகளை நம் சங்கங்களின் மீதும் கோயில் நிர்வாகங்களின் மீதும் வைத்துப் பார்க்கலாம். நம்பர் கடையை யாரும் மூடுவதற்கு முன்பே அதன் முன்னால் போய் நின்ற தமிழ் அமைப்பு ஒன்றை நான் சுங்கை பட்டாணியில் பார்த்ததில்லை.

பீடோங் சின்னப் பட்டணம். வடக்கே போகிறவர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள். 1947-இல் அங்கே என்ன நடந்தது என்று என் வயதில் யாரைக் கேட்டாலும் தெரியாது. பல்கலைக்கழகம் முடிக்கும்வரை எனக்கும் யாரும் சொல்லவில்லை, பள்ளிப் பாடநூலிலும் இல்லை. தங்கள் கூலியைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள நினைத்த ஒரு தொழிலாளி அங்கே செத்துப்போனார். அவரைப் பழமைவாதி என்று சொல்வதா போராளி என்று சொல்வதா என்ற விவாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் அவர் கேட்டது என்னவென்று, அவர் கேட்ட சொற்களிலேயே, ஒருமுறை காதில் வாங்கிக்கொள்வோம்.